சிப்புக்கு வைத்த பொட்டு

கோயில் மலையை ஒட்டிய வேங்கிக்காலில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த அந்த அம்மாவுக்கு அகலமான நெற்றி. அதற்கேற்ற மாதிரி பெரிய அரக்கு நிற ஸ்டிக்கர் பொட்டு. எந்த டிரைவைத் திறப்பதானாலும் முதலில் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவார். நான் போனதோ அக்னி நட்சத்திர வெயிலில். என் அச்சகத்தின் கல்யாணப் பத்திரிகை டிசைன்கள் எல்லாம் பழைய டிஸ்குகளில் இருந்தன. அவற்றைப் படிக்கிற ஒரே டிரைவ் மக்கர் செய்தது. வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டிரைவிலிருந்து ஒரு சிப்பைக் கழற்றினார். அதன் மேலிருந்த லேபிள் பசை காய்ந்து உதிர்ந்தது. லேபிளுக்கு அடியில் பட்டாணி அளவுக்கு ஒரு கண்ணாடி வட்டம். பார்க்கச் சொல்லி ஒரு லென்ஸை என்னிடம் நீட்டினார்.

"பாருங்க சார், மலை மேலேர்ந்து கோயிலப் பாக்கற மாதிரி இருக்கும்."

உள்ளே மதிலுக்குள் மதிலாக ஏதோ மின்னியது.

"டிரைவ் எப்படி ஓடணும்னு இதுலதான் எழுதியிருக்கு. இந்தக் கண்ணாடி வழியா வெயில் ஜாஸ்தி பட்டா அழிஞ்சிடும்."

ஜன்னலைச் சாத்திய காரணம் அப்போதுதான் புரிந்தது. சிப்பின் கால்களில் படிந்திருந்த களிம்பைத் துடைத்தார். பிறகு சட்டென்று தன் பொட்டை எடுத்து அந்தக் கண்ணாடியின் மேல் ஒட்டிவிட்டார்.

"என்ன மேடம், நெத்தியில இருக்கறத போய் எடுத்துட்டீங்க?"

"நான் வேற ஒட்டிக்குவேன் சார். இது மறந்துடுச்சின்னா யாரு சொல்லிக் குடுப்பா?"

சிப்பைத் திரும்ப மாட்டியதும் டிரைவ் ஓடியது. இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பொட்டும் அப்படியே இருக்கிறது. போட்டால் ஒன்றையும் மறக்காமல் ஓடுகிறது. அந்த அம்மாவின் பெயர்தான், எவ்வளவு யோசித்தாலும், எனக்கு வரமாட்டேன் என்கிறது.