பட்டுச் சேலைப் பிரிவுக்கு ஒரு கேமரா

எங்கள் குடும்பத்தில் எனக்கு 'விஷயம் தெரிந்தவன்' என்ற பெயர் ஒரு கடிகாரத்தால் வந்தது. அக்கா வீட்டு வீடியோ டெக்கின் முகப்பில், வாங்கிய நாளிலிருந்து பன்னிரண்டு மணியே கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கையேட்டைப் படித்து, சரியான நேரத்தை வைத்துக் கொடுத்தேன். அதன் பிறகு மின்சாரத்தில் ஓடுகிற எதையும் அவர்கள் என்னைக் கேட்காமல் வாங்கியதில்லை. கேட்டு வாங்கியவற்றில் பாதி ஓடவில்லை. இருந்தாலும் பெயர் நிலைத்துவிட்டது.

ஆகவே தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள், பினாங்குத் தீவின் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் துணிக்கடை வைத்திருந்த அத்தான், அதாவது அக்காவின் கணவர், கடலுக்கு அந்தப் பக்கம் செபராங் ஜெயாவில் இருந்த என் அலுவலகத்துக்கு ஃபோன் போட்டு, "கேமரா வாங்கணும், நீ வந்து பாரு" என்றபோது நான் ஆச்சரியப்படவில்லை. படம் பிடிக்கிற கேமராதான் என்று நினைத்துக்கொண்டு ஃபெரி ஏறினேன். கடைக்குள் நுழைந்தால் யாரும் யாருடனும் பேசவில்லை. தீபாவளி நெருங்கும் துணிக்கடையில் அப்படியொரு அமைதி நல்லதல்ல.

விஷயம் இதுதான். பட்டு அலமாரியில் மூன்று சேலைகள் குறைந்தன. அந்தப் பிரிவைப் பல வருடங்களாகப் பார்த்துவந்தவரைக் கடையில் எல்லோரும் பட்டு அக்கா என்பார்கள். அது அவர் பெயரல்ல, பிரிவின் பெயர். பட்டர்வொர்த்தில் வீடு, மாக் மண்டின் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் கணவர், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். அன்று காலை கடை ஆட்கள் எல்லோர் முன்னாலும் அத்தான், "பட்டுப் பக்கம் ஒருத்தர் கைதானே இருக்கு? சேலை என்ன, தானா நடந்தா போச்சு?" என்று கேட்டுவிட்டார். பெயர் சொல்லவில்லையே என்று என்னிடம் பிறகு வாதாடினார். ஒரே ஒருவர் நிற்கிற இடத்தைக் காட்டி 'யாரோ' என்பதில் உள்ள நாகரிகம் அவருக்கு மட்டும்தான் புரிந்தது.

கேமரா யோசனையே பட்டு அக்காவுடையது.

"நகைக்கடையில வெச்சிருக்காங்கல்லண்ணே, அதே மாதிரி இங்கயும் வைங்க. தீபாவளி வரைக்கும் பாருங்க. நான்தான்னு தெரிஞ்சா போலீஸக் கூப்பிடுங்க. யாருன்னு தெரியாமலே போச்சுன்னாலும் நான் வேலைய விட்டுடுறேன். இந்தப் பேர வெச்சுக்கிட்டு இந்தத் தெருவுல வேற எந்தக் கடையில என்னைச் சேப்பாங்கன்னு அப்புறம் பாத்துக்கிறேன்."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் அத்தானுக்கு வசதியாக இருந்திருக்கும்.

கொம்தார் கட்டடத்தில் ஒரு சீனர் கடைக்கு அத்தானும் நானும் போனோம். கலர் கேமரா விலையைக் கேட்டதும், "திருடன் கறுப்பு வெள்ளையில தெரிய மாட்டானா?" என்று அத்தான் என்னிடம் கேட்டார். தெரிவான் என்றேன். துணிக்கடையில் எல்லாச் சேலையும் சாம்பல் நிறமாகத் தெரியும் என்பது அந்த நிமிடத்தில் எனக்குத் தோன்றவில்லை. அடுத்தது லென்ஸ். குறுகலானது ஒரு இடத்தைக் கிட்டத்தில் காட்டும், அகலமானது கடை முழுவதையும் காட்டும். "வைட் எடு லா! செமுவா நம்பாக்!" என்றார் கடைக்காரர். எல்லாம் தெரியும் என்கிறார். எல்லாமே தெரிந்தது உண்மைதான், ஆனால் எறும்பு அளவில்.

எங்கே மாட்டுவது என்பதையும் நானே தீர்மானித்தேன். பட்டுப் பிரிவுக்கு மேலே, கூரையோரம், வாசலைப் பார்த்தபடி. உள்ளே வருகிற ஒவ்வொருவர் முகத்தையும் பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். பினாங்கு வெயில் வாசலில் நின்று எனக்கு எதிராக வேலை செய்தது. வந்தவர்கள் அனைவரும் முகமே இல்லாத கறுப்பு நிழல்கள். நேர் கீழே நிற்பவர்களின் உச்சந்தலை மட்டும் பளிச்சென்று தெரிந்தது. பதிவுசெய்வதற்கென்று தனி இயந்திரம் வாங்க அத்தான் மறுத்ததால், வீட்டு வீடியோ டெக் கடைக்கு வந்தது. ஒரு டேப் நான்கு மணி நேரம் ஓடும். டேப் மாற்றும் வேலையும், தன் டெக்கை இழந்த வருத்தமும் அக்காவுக்கு.

அக்கா எங்கள் வழக்கப்படி புதுப் பொருளுக்குப் பூஜை போட்டாள். கார், ஃப்ரிஜ், கிரைண்டர், எல்லாவற்றுக்கும் போடுவதுதான். சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, ஸ்டூலில் ஏறி, கேமராவுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். நாங்கள் எல்லோரும் கும்பிட்டோம். கையேட்டை அட்டை முதல் அட்டை வரை படித்திருந்த நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பொட்டு எங்கே வைக்கப்பட்டது என்று ஒருவரும் கவனிக்கவில்லை. கேமராவுக்கு நெற்றி கிடையாது.

முதல் வார டேப்புகளைப் போட்டுப் பார்த்தபோது திரையின் நடுவில் ஒரு பெரிய மேகம். மேகத்தின் ஓரங்களில் கைகளும் கால்களும் வந்து போயின. பட்டுப் பிரிவு முழுக்க மேகத்துக்குள். இடையே சட்டென்று ஒரு கதாநாயகன் தோன்றி மலையுச்சியில் பாட ஆரம்பித்தான். பழைய படத்தின் மேலேயே அக்கா பதிவுசெய்திருந்தாள்.

"என்ன தம்பி இது?" என்றார் பட்டு அக்கா. தீபாவளி வரை இருந்த அவகாசத்தில் ஒரு வாரத்தைச் சந்தனத்துக்குக் கொடுத்துவிட்டோம். "சாமி கும்பிட்டது சரிதான். ஆனா சாமி கண்ணயே மூடிட்டீங்களே!" அவரே ஸ்டூலில் ஏறி, முந்தானையால் லென்ஸைத் துடைத்தார்.

அடுத்த புதன்கிழமை மாலை இன்னொரு சேலை குறைந்தது. மயில்கழுத்து நிறம், அகலச் சரிகை. காலையில் அதைத் தானே மடித்து வைத்ததாகப் பட்டு அக்கா சொன்னார். மயில்கழுத்தைச் சாம்பல் நிறத்தில் தேட வேண்டும் என்றாலும், இந்த முறை எந்த நாள் என்று தெரியும்.

ஞாயிறு மத்தியானம் கடையை மூடிவிட்டு மாடி அறையில் நால்வரும் உட்கார்ந்தோம். அத்தான், அக்கா, பட்டு அக்கா, நான். நான்கு மணி நேரம் நடந்ததைப் பார்க்க நான்கு மணி நேரம் ஆகும் என்பதை எந்தக் கையேடும் சொல்வதில்லை. வேகமாக ஓட்டினேன். வாடிக்கையாளர்கள் எறும்புகளாக ஓடினார்கள். பட்டு அக்கா சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். பிரிவு காலியானது.

அப்போது ஓர் உச்சந்தலை வந்தது. நடுவில் வட்டமாக, சுத்தமான வழுக்கை. ஒரு கை நீண்டு சேலையை உருவியது. எதிரே வாசல் வெளிச்சத்தில் நிழலாக ஒரு பெண்மணி. சேலை கை மாறியது.

"நிறுத்து! நிறுத்து!" அத்தான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "மாட்டிக்கிட்டான் பாரு! யாருடா இந்த மொட்டையன்? என் கடைக்குள்ள வந்து என்ன தைரியமா எடுக்கிறான்!"

அக்கா தொலைக்காட்சியையும், பிறகு அத்தானின் பின்தலையையும் பார்த்தாள்.

"நீங்கதான்."

"என்னது நான்தான்? எனக்கு எங்க மொட்ட?"

"பின்னால இருக்கு. ரொம்ப வருஷமா இருக்கு."

அத்தான் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தார். பாவம், அவருக்கு அது முதல் தகவல். பிறகுதான் அவருக்கு மற்றது உறைத்தது.

"அது... அந்தம்மா பழைய வாடிக்கை. வீட்ல மாமியார்கிட்ட காட்டிட்டு வரேன்னாங்க. காட்டப் போயிருக்கு. அது போனதா ஆகுமா?"

பழைய குடும்பத்துப் பெண்கள் கடையில் வைத்துச் சேலையைத் தீர்மானிப்பதில்லை. வீட்டில் எல்லோரும் பார்க்க வேண்டும். கடைக்காரர் கொடுத்தனுப்புவார். அதற்குச் சீட்டுக் கேட்டால் அவர்களுக்கு அவமரியாதை. அத்தான் கணக்கில், காட்டப் போன சேலை கடையை விட்டுப் போகவே இல்லை; அதனால் கொடுத்தது நினைவிலும் நிற்பதில்லை.

"அப்ப அந்த மூணு?" என்றாள் அக்கா.

"...அதுவும் காட்டத்தான் போயிருக்கு."

பட்டு அக்கா எழுந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். நானாக இருந்தால் அரை மணி நேரம் திட்டியிருப்பேன், மேற்கோள்களோடு.

"எல்லார் முன்னாலயும்தானே சொன்னீங்கண்ணே. எல்லார் முன்னாலயும் இந்தப் படத்தப் போடுங்க."

திங்கள் காலை, கதவு திறக்கும் முன், தொலைக்காட்சியைக் கீழே இறக்கி துணி வெட்டும் மேசையில் வைத்தேன். கடை ஆட்கள் சுற்றி நின்றார்கள். உச்சந்தலை வந்தபோது எல்லோரும் ஒரே நேரத்தில் தங்கள் செருப்பை ஆராய்ந்தார்கள். சட்டைத் துணிப் பிரிவிலிருந்து மட்டும் ஒரு இருமல்.

"பாத்துக்கிட்டீங்கல்ல," என்றார் அத்தான். "எடுத்துக் குடுத்தது நான். தங்கச்சி மேல ஒரு தப்பும் இல்ல."

"கொஞ்சம் சத்தமாண்ணே," என்றார் பட்டு அக்கா. "அன்னைக்கு எதுத்த கடை வரைக்கும் கேட்டுச்சு."

அத்தான் சத்தமாகச் சொன்னார். எதிரே பணம் மாற்றுகிறவர் கூண்டிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தார்.

பட்டு அக்கா தலையசைத்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, கேமராவைக் கல்லாப்பெட்டிப் பக்கம், அத்தான் நிற்கிற இடத்துக்கு நேராகத் திருப்பினார். அத்தான் தடுக்கவில்லை. அங்கே வாசல் வெளிச்சம் எதிரில் விழாததால், படம் முதன்முறையாகத் தெளிவாக வந்தது. ஸ்டூல் ஆடியது. நான் பிடித்துக்கொண்டேன். அந்தக் கேமரா விஷயத்தில் நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை அதுதான்.