மீதி ஆட்டங்கள்

கோபம் வந்தால் எனக்கு முதலில் காதுதான் சிவக்கும் என்பாள் என் மனைவி. கால்பந்து லீக்கிலிருந்து அந்தச் செய்தி வந்த வாரம் முழுக்க என் காதுகள் சிவந்தேதான் இருந்திருக்கும்.

கொரோனாவால் பாதியில் நின்றுபோன சீசனை மறுபடி தொடங்கப் போகிறார்களாம். மீதி ஆட்டங்கள் எல்லாம் கொழும்பில், பார்வையாளர்கள் இல்லாத மைதானத்தில். ஆட்டக்காரர்கள் மொத்தமாக ஒரே ஹோட்டலில் அடைபட்டிருக்க வேண்டும். வர விருப்பமா இல்லையா என்று ஒவ்வொரு கழகமும் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும். வராத கழகம் அடுத்த வருடம் கீழ்ப் பிரிவில் ஆடட்டும் என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார்கள்.

நான் புத்தளத்துக் கழகம் ஒன்றின் கேப்டன். பின்களத்தில் நிற்பவன். பந்தாட்டம்தான் எனக்குத் தொழில், வேறு வேலை தெரியாது. கழகச் செயலாளர் ஹார்ட்வெயார் கடைக்காரர். நானா என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவோம். அவர் எனக்குப் போன் எடுத்தார்.

"நீயே ஒவ்வொருத்தனையும் கேட்டுச் சொல்லு. நான் கேட்டா பொய் சொல்லுவானுகள்."

எனக்கும் பொய்தான் சொன்னார்கள். ஒருவனுக்கு முழங்கால் வலி. அதே முழங்காலோடு முதல் நாள் அவன் தென்னந்தோட்டத்துக்குள் ஓடி ஓடிப் பந்தடித்ததை நானே பார்த்தேன். இன்னொருவனுக்குத் தங்கச்சியின் கல்யாணம். நாடு முழுக்கக் கல்யாணம் தடை செய்திருந்த நேரம் அது! மாதக்கணக்காய் "எப்ப மச்சான் தொடங்கும்" என்று என் உயிரை எடுத்தவர்கள் இவர்கள்தான். வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுப் போனை வைத்தேன். ஏசினேனே தவிர, காரணம் எனக்குத் தெரியும். எனக்கும் அதே காரணம்தான்.

அந்த நாட்களில் கொரோனாவில் இறந்தவரை எரிக்க வேண்டும் என்பது நாட்டின் சட்டம். எந்த மதமானாலும் எரிப்புத்தான். முஸ்லிம்களான நாங்கள் இறந்தவரின் மையத்தைக் குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி, தொழுவித்து, மண்ணில் அடக்குகிறவர்கள். இறந்தவருக்கு உயிரோடிருப்பவர் கொடுக்க வேண்டிய கடைசிக் கடன் அது. அதைக் கொடுக்க விடாமல் பெட்டியோடு கொண்டுபோய் எரித்த செய்திகள் ஒவ்வொன்றாய் வந்துகொண்டிருந்தன. எங்கள் வீடுகளில் நோய்க்குப் பயந்ததைவிட நெருப்புக்குத்தான் அதிகம் பயந்தோம். காய்ச்சல் வந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் கொத்தமல்லி அவித்துக் குடித்துவிட்டுப் படுத்திருந்தவர்கள் எத்தனையோ பேர்.

எங்கள் வீட்டில் வாப்பா இருந்தார். பல வருடமாய் நெஞ்சில் இழுப்பு. தொண்ணூறில், போரின்போது, மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேற்றியபோது உம்மாவையும் எங்களையும் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு வந்தவர். முகாமில் கிடந்து, பிறகு பாலாவிக்குப் பக்கத்தில் துண்டுக் காணி ஒன்றில் வீடு கட்டினார். உம்மா இந்த ஊர் மையவாடியில்தான் அடங்கியிருக்கிறார். வாப்பா உம்மாவுக்குப் பக்கத்தில் தன் இடத்தைப் பற்றி, பஸ்ஸில் ஸீட் பிடித்து வைத்தவர் போலப் பேசுவார்.

லீக் விஷயம் டிவியில் கேட்டுத்தான் அவருக்குத் தெரிந்தது. முற்றத்துக் கதிரையில் இழுப்புப் பம்பைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார். நான் எட்டத்தில் நின்றேன்.

"போறியா?"

"இன்னும் தெரியா வாப்பா."

"மவுத்துக்கு எனக்குப் பயமில்ல மகன். அது வாற நேரம் வரும். என்னய நெருப்புல மட்டும் போட உட்டுறாத."

தேத்தண்ணி கேட்கிற மாதிரித்தான் சொன்னார்.

கொழும்பு ஹோட்டல் எனக்குப் பயமில்லை. அதற்கு முன் புத்தளத்தில் நடக்க வேண்டிய பயிற்சிதான் பயம். காலையில் ஒன்றாகச் சேர்ந்து மூச்சு வாங்க ஓடிவிட்டு, பின்னேரம் ஒவ்வொருவனும் தன் வீட்டுக்குப் போவான். ஒருவனுக்குத் தொற்றினால் அத்தனை வீட்டுக்குள்ளும் அது நுழையும்.

வியாழக்கிழமை மைதானத்தில் கூடினோம். மாஸ்க் போட்டுக்கொண்டு, ஆளுக்கொரு மூலையில் புல்லில் இருந்தோம். எங்கள் கோல்கீப்பர் மாம்புரிக்காரன், மீன்பிடிக் குடும்பத்துக் கத்தோலிக்கன். வருடக்கணக்காய் எனக்குப் பின்னால் நின்று என்னை ஏசுகிறவன். நான் அடங்கிக் கேட்கிற ஏச்சு அவனுடையது மட்டும்தான். அன்றைக்கு அவனுக்குப் பொறுமை விட்டுப்போயிற்று.

"ஒருத்தனுக்கு முழங்காலாம், ஒருத்தனுக்குக் கல்யாணமாம். சாகப் பயமெண்டா பயமெண்டு சொல்லுங்களன்டா!"

"சாக ஆருக்குடா பயம்?" என்று கத்திக்கொண்டு எழும்பிவிட்டேன். "என்ட வாப்பாவ எரிச்சுப் போடுவானுகள். அதுக்குத்தான் பயம். போதுமா?"

அதுவரை எங்களில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத சொல் அது. முழங்கால்காரன் தலையைக் குனிந்துகொண்டான். செயலாளர் நானா மாஸ்க்கை இழுத்து இழுத்துச் சரிசெய்தார். கோல்கீப்பர் மட்டும் என்னை முறைத்துப் பார்த்தபடியே நின்றான்.

"எங்கட அம்மாவுக்கும் சீனி வருத்தம் மச்சான், கொரோனா வந்தா தப்ப மாட்டா. நாங்களும் கோயில் காணியில அடக்குற ஆக்கள்தான். எரிச்சா எங்களையுந்தான் எரிப்பானுகள். உனக்கு மட்டும் வந்த மாதிரிக் கத்துற?"

இத்தனை வருடம் பழகியும் அது எனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. பிறகு அவனே தொடங்கினான்.

"எங்கட ஆக்கள் தொழிலுக்கு வேற கரைக்குப் போனா வாடி போட்டு இருப்பாங்க. மாசக்கணக்கா வீட்டுப் பக்கமே வாறதில்ல. அங்கயே சமையல், அங்கயே படுக்கை. மாமாட வாடி மாம்புரிக் கரையில சும்மா கிடக்கு. நாமளும் போய் இருப்பம். கொழும்புக்கு பஸ் ஏறுற வரைக்கும் ஒருத்தனும் வீட்டுக்குப் போகப்படாது. போனவன் திரும்பி வரப்படாது. அப்பிடியெண்டா வாறீங்களா?"

முதலில் கை தூக்கியவன் முழங்கால்காரன். ஒவ்வொரு கையாய் எழுந்தது. கடைசியில் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். போனால் என்னால் வாப்பாவுக்கு நோய் வராது. ஆனால் அவருக்கு இழுப்பு வந்தால் தூக்கி நிமிர்த்த நானும் இருக்க மாட்டேன். இரண்டையும் ஒன்றாய்ப் பிடிக்க வழியில்லை. நானும் கையைத் தூக்கினேன். வருகிறோம் என்று நானா அங்கேயே லீக்குக்குப் போன் போட்டுச் சொன்னார்.

கிடுகு வேய்ந்த நீளக் கொட்டில்தான் வாடி. சோற்றிலும் மணல், காதிலும் மணல். காலையில் ஈரக் கரையில் ஓடினோம், பின்னேரம் துடுப்புகளைக் கோல் கம்பமாய் நட்டுப் பந்தடித்தோம். காற்று பந்தைக் கடலுக்குள் கொண்டுபோகும், அதற்கும் என்னைத்தான் ஏசுவான் கோல்கீப்பர். ஒவ்வொரு நாளும் வாப்பாவுக்குப் போன் எடுப்பேன். "சாப்பிட்டியா, கடல்ல இறங்காத" என்று ஏதாவது சொல்வார். எனக்கு அந்தக் கதை காதில் ஏறாது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் போகிறது என்றே கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு காலை, பயிற்சி முடியும் முன்பே மனைவியின் போன் வந்தது. அதிகாலை சுபஹுத் தொழுதுவிட்டு இருந்த வாப்பாவுக்கு இழுப்புக் கூடிவிட்டதாம். பம்ப் அடித்தும் அடங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு மவுத்தாகிவிட்டார்.

"பிசிஆர் எடுத்திருக்காங்க," என்றாள். "ரிசல்ட் வந்தாத்தான் மையத்தத் தருவாங்களாம்."

எனக்கு அழுகை வரவில்லை. வாடி வாசலில் மணலில் இருந்துவிட்டேன். கோல்கீப்பர் வந்து பக்கத்தில் இருந்தான். நோயைக் கொண்டு யார் யார் எங்கள் வீட்டுக்கு வந்திருப்பார்கள் என்று யோசித்தேன். மீன்காரன் வந்திருப்பான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் டிவி பார்க்க வந்திருக்கும். மனைவி முந்தலுக்குத் தன் உம்மாவைப் பார்க்கப் போனாளே, அங்கே யார் இருந்தார்களோ? வாப்பா இல்லை என்பதை நினைக்கவே எனக்கு நேரம் கிடைக்கவில்லை. யார் மீதாவது கோபத்தை எறிய வேண்டும் போலிருந்தது, ஆனால் எறிய ஆளில்லை. சமைத்த சோறு மூடியபடியே கிடந்தது.

பின்னேரம் அஸர் தொழுகை நேரத்துக்குப் போன் அடித்தது. எடுக்கப் போய் அதை மணலில் போட்டுவிட்டேன். கோல்கீப்பர்தான் எடுத்து என் காதில் வைத்தான்.

"இல்லியாம்," என்றாள் மனைவி. "அவருக்குக் கொரோனா இல்லியாம். அடக்கத் தாறாங்களாம்."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று நான் போட்ட சத்தம் கரை முழுக்கக் கேட்டிருக்கும். பையன்கள் ஓடி வந்தார்கள். கோல்கீப்பர் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். முழங்கால்காரன் கைதட்டினான், எல்லோரும் கைதட்டினார்கள், நானும் சிரித்தபடி கைதட்டினேன். பிறகு ஒருவன் நிறுத்தினான். மற்றவர்களும் நிறுத்தினார்கள். மவுத்தானது என் வாப்பா என்பது அப்போதுதான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது.

வாடியை விட்டுப் போனவன் திரும்பக் கூடாது என்பது பேச்சு. சீசன் எனக்கு அங்கேயே முடிந்தது. பாலாவிச் சந்தியைத் தாண்டும்வரை அந்த நினைப்பே எனக்கு வரவில்லை. கோல்கீப்பரின் மாமாவுடைய மோட்டார் சைக்கிளில், பயிற்சிக் காற்சட்டையோடு போய் வீட்டில் இறங்கினேன். சாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு துணி மறைப்புக்குள் போனேன். குளிப்பாட்ட எல்லாம் ஆயத்தமாக இருந்தது. தோளைத் தாங்கிப் பிடி என்று பள்ளிவாசலிலிருந்து வந்தவர் சொன்னார்.

பிடித்தேன். நோயைக் கொடுத்துவிடுவேனோ என்ற பயத்தில், வாடிக்குப் போவதற்கு வெகு நாள் முன்பிருந்தே நான் வாப்பாவைத் தொட்டதில்லை. தண்ணீரை ஊற்றும்போதுதான் அது எனக்கு உறைத்தது. அப்போது அழுதேன்.