டிக்கியில் படுத்துக் கேட்டவள்

அந்த ஒர்க் ஷாப்பில் அவளுக்கு டிக்கி என்று பெயர் வைத்தது யார் என்று இப்போது யாருக்கும் ஞாபகம் இல்லை. வண்டியின் பின்பக்கம் சத்தம் வருகிறது என்று யாராவது வந்து நின்றால் போதும், கோளாறு பார்க்கும் கம்ப்யூட்டரை மாட்டுவதற்கு முன்னால் அவள் பின் சீட்டை மடக்கிவிட்டு டிக்கியில் ஏறிப் படுத்துக்கொள்வாள். வேறொருவர் ஓட்ட, தரையில் காதை வைத்துக் கேட்பாள். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். ஏழெட்டு வண்டிகள் சரியான பிறகு சிரிப்பு போய்விட்டது, பெயர் ஒட்டிக்கொண்டது.

முதல் ஆறு வருடம் அவள் கையில் இருந்தது தண்ணீர்க் குழாய்தான். அடுத்தவர் வண்டியின் சேற்றைக் கழுவிக்கொண்டே வேலையைப் பார்த்துப் பார்த்து, வண்டியைத் தூக்கி நிறுத்தும் லிஃப்டுக்கு அடியில் மெக்கானிக்காக வந்து சேர்ந்தாள். யாரும் கையைப் பிடித்து அழைத்து வரவில்லை. அந்த இடத்தைச் சும்மா கேட்டால் கொடுத்துவிடுவாள் என்று நினைப்பவருக்கு அவளைத் தெரியாது என்று அர்த்தம்.

ஆனால் இந்தமுறை தப்பு அவளுடையதுதான். ஒரு டீச்சர் தன் குடும்ப வண்டியைக் கொண்டுவந்தார். புருஷன், மூன்று பிள்ளைகள், மாமனார், மாமியார் என்று ஏழு பேர் ஏறும் பெரிய வண்டி. அறுபதைத் தாண்டினால் பின்னால் ‘ஊம்’ என்று ஒரே முனகல். டிக்கி படுத்துக் கேட்டாள். வண்டியை வலது பக்கம் ஒடித்தபோது முனகல் கூடியது போலிருந்தது. வலது பக்கம் திரும்பினால் பாரம் இடது சக்கரத்தில் விழும். இடது பின் சக்கரத்து பேரிங் என்று எழுதினாள். மாற்றியும் ஆயிற்று. மூன்றாம் நாள் டீச்சர் திரும்பி வந்தார். முனகல் முனகியபடியே இருந்தது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. யாராவது ஒரு சாமானைத் தப்பாக மாற்றிவிட்டால், அதைவிடப் பெரிய சாமான் ஒன்றின் மேல் பழியைப் போட்டு, அதுவும் போயிருந்தது, இதுவும் போயிருக்கிறது என்று வேலை விவரம் எழுதும் ஜாப் கார்டில் எழுதிவிடுவார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

“டிஃபரென்ஷியல் மாத்தணும்னு எழுதிக் கையெழுத்துப் போடும்மா,” என்றார் மேனேஜர். பின் சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் பல்சக்கரப் பெட்டியைச் சொன்னார்.

“அது நல்லா இருக்கு சார்.”

“பேரிங் போச்சுன்னு சொன்னதும் நீதான்.”

“ஆமா, தப்புதான். அதுக்காக இன்னொரு தப்பு பண்ணணுமா?”

மேனேஜருக்குச் சுருக்கென்றது. “அப்ப நீயே கண்டுபிடி. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் டைம். இல்லன்னா கையெழுத்து. ரெண்டும் இல்லன்னா பழையபடி வாட்டர் வாஷுக்குப் போயிடு.”

சாயங்காலம் வீட்டில் அவள் நகக்கண்ணில் ஏறிய கிரீஸை பிரஷ் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பஸ் ஓட்டுகிற அவள் புருஷன் சமாதானம் சொல்ல வந்தார். “யானைக்கும் அடி சறுக்கும். ஒரு கையெழுத்துதானே, போட்டுட்டு வேலையப் பாரேன்.”

“சறுக்கின யானை எந்திரிச்சு நிக்கணும். பக்கத்துல நிக்கிறவங்க மேல சாயக் கூடாது.”

அவர் துண்டை எடுத்து நீட்டினார்.

காலையில் டீச்சரையே ஓட்டச் சொன்னாள். இவள் வழக்கம்போல டிக்கியில். “டீச்சர், எழுபதுல போறப்ப நியூட்ரலுக்குத் தள்ளுங்க,” என்று அங்கிருந்தபடியே குரல் கொடுத்தாள். பல்சக்கரப் பெட்டியில் கோளாறு என்றால் இழுவை விட்டதும் சத்தம் மாறவேண்டும். மாறவே இல்லை. ஆனால் புதிதாகத் தார் போட்ட இடம் வந்ததும் முனகல் பாதியாகக் குறைந்தது. ரோட்டுக்கு ரோடு மாறுகிற சத்தம் டயர் சத்தம். அதை முதல் நாளே பார்த்திருக்க வேண்டும்.

ஒர்க் ஷாப்புக்கு வந்ததும் பின் டயர்களைக் கையால் தடவினாள். ஒரு பக்கமாகத் தடவினால் வழவழ, திருப்பித் தடவினால் ரம்பம். வண்டியின் பின் மூலையை அழுத்தி விட்டாள். ஒரு தரம் எழும்பி நிற்காமல் அது ஆடிக்கொண்டே இருந்தது. அடுத்த மூலையும் அப்படியே. குலுக்கலை அடக்கும் ஷாக் அப்சார்பர் இரண்டும் செத்துப்போய், டயர் ரோட்டில் குதித்துக் குதித்துத் தேய்ந்திருக்கிறது. காது கூர்மை என்று ஊரே சொன்ன பெருமையில் கையை வைத்துப் பார்க்க மறந்திருந்தாள். தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

பின் டயர்களை முன்னால் மாற்றிப் போட்டு மறுபடி ஓட்டச் சொன்னாள்.

“அக்கா, இப்ப என் காலுக்குக் கீழ கேக்குது,” என்றார் டீச்சர்.

மத்தியானத்துக்கு இன்னும் அரை மணி இருந்தது. டிக்கி ஜாப் கார்டை எடுத்து எழுதினாள்: ‘பேரிங் நன்றாகத்தான் இருந்தது. தவறாக மாற்றச் சொன்னது நான். பின் ஷாக் அப்சார்பர் இரண்டும், பின் டயர் இரண்டும் மாற்ற வேண்டும்.’ கீழே கையெழுத்து.

மேனேஜர் படித்தார். “அதான் கண்டுபிடிச்சிட்டியே, முதல் ரெண்டு வரிய அடிச்சிடு. ஒர்க் ஷாப் மானம் போயிடும்.”

“போறது என் மானம் சார். ஒர்க் ஷாப்போடது பத்திரமாதான் இருக்கு.” அதே காகிதத்தை டீச்சரிடம் நீட்டினாள்.

டீச்சர் இரண்டு தரம் படித்தார். “பேரிங் மாத்தியும் சத்தம் போகல, எனக்குத்தான் ஓட்டத் தெரியலன்னு மூணு நாளா வீடே சிரிச்சுது,” என்றார் கோபமாக. பிறகு காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். “இதக் காட்டறேன்.”

அவர் போனதும் மேனேஜர் லிஃப்டுக்கு அருகில் வந்தார். சுற்றிலும் எல்லோரும் கை வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

“நாளைலேருந்து நீ வாட்டர் வாஷ்.”

“சரி சார். நான் எழுதின மாதிரியே நீங்களும் எழுதிக் குடுங்க. என்ன காரணம்னு போட்டு, கீழ உங்க கையெழுத்து.”

அவர் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தார். ஒரு வெற்று ஜாப் கார்டை எடுத்து மேஜையில் வைத்தார். மூடியைக் கழற்றினார். டிக்கி கையைத் துடைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் காத்திருந்தாள். காரணம் என்ற இடத்தில் வந்து பேனா நின்றது; ஒரு எழுத்தும் விழவில்லை.

அவள் அடுத்த வண்டியை லிஃப்டில் ஏற்றினாள்.