சோப்பம்மா ஊற்றிய தண்ணீர்

அறுவைச் சிகிச்சை வார்டின் தலைமை நர்ஸுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அங்கே யாருக்கும் நினைவில்லை. சோப்பம்மா என்றால்தான் தெரியும். உள்ளே கால் வைப்பது டாக்டரோ, மருமகனைப் பார்க்க வந்த மாமனாரோ, அவள் முதலில் வாஷ்பேசினைத்தான் காட்டுவாள். ஒருமுறை பெரிய சர்ஜன் போனில் பேசிக்கொண்டே நுழையப் பார்த்தார். "போன் காதுல இருக்கட்டும் டாக்டர், கை மட்டும் இங்க வரட்டும்" என்றாள். அவரும் வாயை மூடிக்கொண்டு திரும்பிப் போய்க் கழுவிவிட்டு வந்தார். பெரியவரே கழுவிய பிறகு மற்றவர்கள் எம்மாத்திரம்? வார்டே அவளிடம் பெட்டிப் பாம்பாக அடங்கிவிட்டது.

அவளுக்கு இன்னொரு குணமும் உண்டு. எதையும் வீணாக்கப் பொறுக்காது. வீட்டில் ஷாம்பு புட்டி காலியானால் அவள் கணக்கில் அது காலியில்லை. தண்ணீர் விட்டுக் குலுக்கி, கடைசி நுரை வருகிற வரைக்கும் அதன் உயிரை வாங்குவாள். "இவ கையில சிக்கினா மழையில கூடத் தண்ணி கலந்துடுவா" என்பது அவள் கணவரின் தீராத கிண்டல். நிறையப் பிள்ளைகள் பிறந்த வீட்டில் நடுப்பிள்ளையாக வளர்ந்தவள். தேய்ந்த சோப்புச் சில்லைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டவைத்துக் குளித்த கை அது.

அந்தக் கை வார்டிலும் சும்மா இருக்கவில்லை. வாஷ்பேசினுக்கு மேலே, அழுத்தினால் சோப்பு வருகிற புட்டி ஒன்று உண்டு. அடிமட்டத்துக்கு வந்ததும் அதை வெளியே எடுத்துப் போடவோ, கழுவிக் காயவைக்கவோ அவளுக்கு மனசே வராது. கொஞ்சம் தண்ணீர், ஒரு குலுக்கு, மேலே கேனிலிருந்து புதுச் சோப்பு. இந்த வேலையை மட்டும் யாரிடமும் விடமாட்டாள். காலையில் வந்ததும் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற ஆசையோடு அவளே செய்வாள்.

இப்படி இருக்கையில், கால் எலும்பு முறிந்து வந்த தையல்காரர் ஒருவருக்கு ஆபரேஷன் நடந்தது. நன்றாக ஆறிக்கொண்டிருந்த தையலில் திடீரென்று சீழ் வைத்தது. அடுத்து பக்கத்துக் கட்டிலில் ஒருவருக்கு, எதிர்க் கட்டிலில் ஒருவருக்கு. கிருமிகளைப் பரிசோதிக்கிற லேப் டாக்டர், மகள் வயதுப் பெண், ஒரு கண்ணாடித் தட்டைக் கொண்டுவந்து காட்டினாள். தட்டு முழுக்கக் கிருமி பாசி மாதிரிப் படர்ந்திருந்தது. அதில் மருந்து தோய்த்த சின்னச் சின்ன வில்லைகள் வைத்திருந்தார்கள்.

"மருந்து வேலை செஞ்சா வில்லையைச் சுத்தி வெறிச்சோடிப் போயிருக்கணும் சிஸ்டர். இது பாருங்க, ஒட்டிக்கிட்டே வளர்ந்திருக்கு. ஒரே ஒரு மருந்துக்குத்தான் கொஞ்சம் பயப்படுது. அதுவும் கிட்னியைப் பதம் பார்க்கிற மருந்து."

சோப்பம்மா தட்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள். தன் வார்டிலா? கிருமி எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று கிளம்பினாள். லேப் டாக்டரைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்க் குழாய், கட்டில் கம்பி, மருந்து வண்டி, கதவுப் பிடி என்று வரிசையாகப் பஞ்சுக் குச்சியால் தடவி எடுக்க வைத்தாள். பிறகு, கட்டில் துடைத்து நோயாளிகளைப் புரட்டிவிடுகிற ஆயாவைக் கூப்பிட்டாள்.

"கையை நீட்டும்மா."

"இப்பத்தான் கழுவிட்டு வர்றேன் சிஸ்டர்" என்று ஈரக் கையை நீட்டினாள் ஆயா. ஓயாமல் கழுவிக் கழுவி விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்த கை. 

தன் கையையும் நீட்ட வேண்டும் என்று சோப்பம்மாவுக்குத் தோன்றவே இல்லை. நீட்டச் சொல்ல வேறு யாருக்கும் தைரியமும் இல்லை.

குழாயில் ஒன்றுமில்லை, கம்பியில் ஒன்றுமில்லை. ஆயாவின் கையில் அதே கிருமி இருந்தது. கையும் களவுமாகப் பிடித்த கோபத்தில் சோப்பம்மா வார்டின் நடுவில் நின்றே கேட்டாள்: "கழுவுறேன் கழுவுறேன்னு என்கிட்டயே பொய் சொல்லியிருக்கியே. இத்தனை பேர் உயிர் உனக்கு விளையாட்டாப் போச்சா?"

"சத்தியமா கழுவினேன் சிஸ்டர்."

யார் கேட்டார்கள்? தையல்காரரின் மனைவி வாய்க்கு வந்தபடி திட்டினாள். ஆயாவை நோயாளிகள் பக்கமே வராமல் சலவைக் கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆனால் ஆஸ்பத்திரியில் பட்டப்பெயருக்கா பஞ்சம்? 'கிருமிக்காரி' என்ற பெயர் அவளுக்கு முன்னால் அங்கே போய் உட்கார்ந்துகொண்டது. டீ குடிக்கிற நேரத்தில் அவள் தொட்ட டம்ளரை யாரும் தொடவில்லை.

ஆயா போனாள், கிருமி போகவில்லை. வயிற்றில் ஆபரேஷன் முடிந்து புதிதாக வந்த ஒரு கொத்தனாருக்கும் சீழ் பிடித்தது. அவரை ஆயா கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

லேப் டாக்டர் மறுபடி வந்தாள். "சிஸ்டர், அந்த ஆயாம்மா இப்பத்தான் கழுவிட்டு வர்றேன்னு சொன்னாங்க இல்ல? அது நிஜமா இருந்தா?" என்று கேட்டபடி சோப்புப் புட்டியின் மூடியைத் திருகினாள். புட்டியின் உள்சுவரில் பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்தபோது அது வழவழவென்று எதையோ இழுத்துக்கொண்டு வந்தது.

முடிவு வந்ததும் லேப் டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "தையல்காரர் புண்ணுல இருக்கிறதும் புட்டியில இருக்கிறதும் ஒரே கிருமி. ஜீன் வரைக்கும் ஒத்துப்போகுது. தண்ணி கலந்தா சோப்போட வீரியம் போயிடும். இது சுவர்ல பிசின் மாதிரி ஒட்டிக்கிட்டு உள்ளயே குடித்தனம் நடத்தியிருக்கு. மேல மேல புதுசா ஊத்தினாலும் அசையாது."

"தினமும் நான்தான் ஊத்துவேன்" என்றாள் சோப்பம்மா.

"யார் ஊத்தினதுன்னு ரிப்போர்ட்ல வராது சிஸ்டர். மாத்த வேண்டியது பழக்கத்தை, ஆளை இல்ல."

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. அந்த 'அப்பாடா'வை நினைத்த மாத்திரத்தில் உடம்பு கூசியது. தன் பெயர் காகிதத்தில்கூட வராது. ஆயாவின் பெயரை மட்டும் வார்டு அதிரக் கூவியாயிற்று. ஆயா பொய் சொல்லவில்லை. சொன்னபடி கழுவினாள், சொன்னதற்கு மேலேயும் கழுவினாள். ஏய்த்திருந்தால் அவள் கை ஒருவேளை சுத்தமாக இருந்திருக்கும்.

அன்று வீட்டில் குளியலறைக்குள் போனவள், தண்ணீர் கலந்த ஷாம்பு புட்டியை எடுத்துக் குப்பையில் போட்டாள். கணவர் கிண்டலுக்கு வாய் திறந்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

மறுநாள் சலவைக் கூடத்துக்குப் போனாள். நீராவிக்கும் இரைச்சலுக்கும் நடுவில் ஆயா தனியாக ஒரு மூலையில் போர்வை மடித்துக்கொண்டிருந்தாள். சோப்பம்மா எல்லாவற்றையும் சொன்னாள். புட்டி, தண்ணீர், தன் கை. சொல்லி முடித்து, "என்னை மன்னிச்சிடும்மா. வார்டுக்கு வந்துடு" என்றாள்.

ஆயா மடிப்பதை நிறுத்தவில்லை. "அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. இதை மட்டும் என் காதுல வந்து சொல்றீங்களே சிஸ்டர்?"

சோப்பம்மா போர்வையை அவள் கையிலிருந்து வாங்கி வைத்தாள். ஆயாவை அழைத்துக்கொண்டு வந்து, அதே வார்டின் நடுவில், நர்ஸுகளும் நோயாளிகளும் கேட்க, "இவங்க கழுவினாங்க. நான் ஊத்தின சோப்புலதான் கிருமி இருந்தது. தண்ணி கலந்தது நான்" என்றாள்.

கிட்னியைப் பதம் பார்க்கிற மருந்து தையல்காரரின் காலைக் காப்பாற்றிவிட்டது. ஆனால் முழங்கால் இனி மடங்காது என்று சொல்லியிருந்தார்கள். மெஷின் மிதிக்கிற கால். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். ஆயாவை அன்று அப்படித் திட்டிய அவர் மனைவி, சோப்பம்மாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டித் தீர்த்திருந்தால் தேவலையே என்று சோப்பம்மாவுக்கு இருந்தது.

யாரோ தண்ணீர் கேட்டார்கள். ஆயா பழக்கத்தில் முதலில் கை கழுவ வாஷ்பேசினுக்குப் போனாள். அங்கே புதுப் புட்டி இருந்தது. தீர்ந்ததும் அப்படியே தூக்கிப் போடுகிற வகை. அழுத்துவதற்குக் கையைக் கொண்டுபோனவள், பாதியில் நிறுத்தித் திரும்பினாள். அவள் குரலில் குத்தலும் இல்லை, கோபமும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"இதை யாரு நிரப்பினது சிஸ்டர்?"

"யாரும் நிரப்பலம்மா. சீலோட வந்தது" என்றாள் சோப்பம்மா.

ஆயா புட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு, அப்புறம்தான் கழுவினாள்.