பெயின்ட் உதிராத திருகாணிகள்

எங்க அண்ணனை வேலை செய்யற இடத்துல யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. 'மறுபடி சார்'னுதான் சொல்வாங்க. விமானம் பழுது பார்க்கிற வேலை அவருக்கு, முப்பத்தோரு வருஷமா. யார் எந்த வேலையை முடிச்சுட்டு வந்து நின்னாலும் "மறுபடி பாரு"ன்னு திருப்பி அனுப்பிடுவார். வீட்லயும் அதே பாடுதான். அண்ணி அடுப்பை அணைச்சுட்டு வந்தா மறுபடி பார்க்கணும், கதவைப் பூட்டினா மறுபடி இழுத்துப் பார்க்கணும். "இந்த மனுஷனைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி நான்தான் மறுபடி பார்த்திருக்கணும்"னு அண்ணி ஒரு தடவை சொன்னாங்க. சிரிக்காத ஆள் இல்லை, அண்ணன் உட்பட.

நான் அவருக்கு ஒரே தங்கச்சி. பஸ், படகு, விமானம் எதுவானாலும் சீட்டுக்கு உறை தைக்கிறது என் தொழில். அதனாலதான் அன்னைக்கு நானும் அங்கே இருந்தேன். இருந்தது நல்லதா கெட்டதான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியலை.

விமான நிலையத்துல ஓடுபாதை முடியற மூலையில ஒரு பழைய விமானம் ஒன்பது வருஷமா நின்னுச்சு. முப்பத்தாறு சீட். ரெண்டு இறக்கையிலயும் ஒவ்வொரு விசிறி. விசிறியைச் சுத்துறது உள்ளே இருக்கிற ஜெட் எஞ்சின், டர்போபிராப்னு சொல்வாங்க. அதை ஓட்டின கம்பெனி மூடிப்போனதும் கேட்க நாதி இல்லாம நின்னுடுச்சு. டயர் சப்பையாகி, சக்கரத்தைச் சுத்திப் புல்லு முழங்கால் உயரம். மூடாம விட்ட எஞ்சின் வாயில குருவி குடித்தனம் நடத்துச்சு.

இதை வாங்கலாம்னு கிளப்பி விட்டது கேப்டன். ரிட்டயர் ஆன விமானி, அண்ணனோட ரொம்ப நாள் சிநேகிதர். பஸ்ஸுல ஒரு நாள் முழுக்கப் போக வேண்டிய சின்ன ஊர்களுக்கு இதை ஓட்டலாம், பணம் தன்னோடது, உழைப்பும் லைசென்ஸும் அண்ணனோடதுன்னார். எதுவும் நடக்கலைன்னாலும் எஞ்சினை வித்துக்கலாம், யானை செத்தாலும் ஆயிரம் பொன்னுன்னு வேற சொன்னார். ஆழம் தெரியாம காலை விடாதீங்கன்னு அண்ணி முணுமுணுத்தாங்க. அண்ணன் காதுல எங்கே ஏறும்? அந்தப் பழைய கம்பெனியில பன்னெண்டு வருஷம் அந்த விமானத்தையே பார்த்துக்கிட்டவர் அவர். முப்பத்தோரு வருஷம் அடுத்தவங்க விமானத்துக்கு உழைச்ச மனுஷனுக்கு, தனக்குன்னு ஒண்ணைத் தானே எழுப்பிப் பறக்கவிடணும்னு ஆசை. அவர் வாழ்க்கையில எதுக்குமே ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. அதனால நான் அவர் பக்கம்.

விமானத்துக்குப் பதிவேடுதான் உயிர். எந்த வேலை என்னைக்கு நடந்துச்சு, யார் பார்த்தாங்க, யார் கையெழுத்துப் போட்டாங்க, அத்தனையும் அதுல இருக்கும். அதை நம்ப முடியலைன்னா மத்ததெல்லாம் நல்லா இருந்தாலும் விமானம் வெறும் தகரம். இந்த விமானத்தோட பதிவேட்டுல பக்கத்துக்குப் பக்கம் அண்ணன் கையெழுத்து. கேப்டன் அதைப் புரட்டிப் பார்த்துட்டு, இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்னு கேட்டார்.

வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் அண்ணன் அதை அங்குலம் அங்குலமா சோதிச்சார். எலி கடிச்ச ஒயர், வெடிச்ச ரப்பர், அரிச்ச குழாய், எல்லாம் எதிர்பார்த்ததுதான். ஒவ்வொண்ணா எழுதி வெச்சுக்கிட்டு, இது ஆகும், இதுவும் ஆகும்னு தனக்குத்தானே பேசிக்குவார். ஐம்பத்தெட்டு வயசுல மனுஷன் விசிலடிச்சு நான் அப்பதான் கேட்டேன்.

கடைசியா மிச்சம் இருந்தது வால் பக்கத்துக் கக்கூஸ். அதுல இருந்து கசியற தண்ணி தளத்துக்குக் கீழே இறங்கி அங்கே இருக்கிற உலோகச் சட்டத்தை அரிக்கும். அதனால நாலு வருஷத்துக்கு ஒரு தடவை கக்கூஸையே கழட்டி, தளத்தைத் தூக்கிப் பார்க்கணும்னு விதி. ரெண்டு நாள் வேலை, நாத்தம் பிடிச்ச வேலை. மூணு தடவை தூக்கிப் பார்த்ததா பதிவேட்டுல இருக்கு. மூணுக்கும் கையெழுத்து அண்ணனோடது.

அண்ணன் கக்கூஸைக் கழட்டிக்கிட்டு இருந்தார். நான் பின் வரிசை சீட்டை அளந்துக்கிட்டு இருந்தேன். விசில் நின்னுச்சு. ரொம்ப நேரம் சத்தமே இல்லைன்னு எட்டிப் பார்த்தா, மண்டி போட்டுக் கையில டார்ச்சோட தரையையே பார்த்துக்கிட்டு இருக்கார். தளத்தைப் பிடிச்சிருக்கிற திருகாணிகளைக் காட்டினார். எனக்கு ஒண்ணும் விளங்கலை. திருகாணித் தலையில ஸ்க்ரூ டிரைவர் நுழையற பள்ளம் இருக்கும் இல்லையா, அந்தப் பள்ளம் முழுக்கப் பச்சை பெயின்ட் நிறைஞ்சு கிடந்துச்சு. தொழிற்சாலையில அடிச்ச பெயின்ட். ஒரே ஒரு தடவை யாராவது திருகியிருந்தாலும் அது உதிர்ந்திருக்கும். இருபத்திரண்டு திருகாணி. ஒண்ணுலயும் உதிரலை.

அப்புறம் அவரே திருகித் தளத்தைத் தூக்கினார். கீழே இருந்த சட்டம் வெள்ளையாப் பூத்துப் போயிருந்துச்சு. கட்டை விரலால அழுத்தினார், பொலபொலன்னு கொட்டுச்சு. அவர் பின் வரிசை சீட்டுல போய் உட்கார்ந்துட்டார். நானும் பக்கத்துல உட்கார்ந்தேன். எப்படி அண்ணேன்னு கேட்டேன்.

"பக்கத்துல சின்ன ஓட்டை ஒண்ணு இருக்கு. அது வழியா கம்பியில கட்டின கண்ணாடியை விட்டு எட்டிப் பார்ப்போம், அவ்வளவுதான். முதல் தடவை அவசரம், காலையில விமானம் கிளம்பணும். ரெண்டாவது தடவை, போன தடவை ஒண்ணும் ஆகலையேன்னு விட்டேன். மூணாவது தடவை யோசிக்கவே இல்லை."

அப்பதான் எனக்குச் சுருக்குன்னுச்சு. ஏழு மாசம் வயித்துப் பிள்ளையோட இதே விமானத்துல நான் போயிருக்கேன். இந்த அண்ணன்தான் கையைப் பிடிச்சு ஏத்திவிட்டு, எழுந்து போக வசதியா இருக்கும்னு பின் வரிசையில உட்கார வெச்சார். கேட்டுட்டேன்.

"என்னை ஏத்திவிட்டீங்களே, அப்ப நினைப்பு வரலையா?"

"வரலை. கையெழுத்துப் போட்டதும் நானே அதை நம்பிட்டேன்."

என் அண்ணன் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அன்னைக்கும் அவர் பொய் சொல்லலை. அதுதான் எனக்குத் தாங்கலை.

சாயந்திரம் கேப்டன் வந்தார். எல்லாத்தையும் கேட்டார், குனிஞ்சு பார்த்தார். சட்டத்தை மாத்திட்டு மூடிடலாம், பறந்த காலத்துல யாரும் சாகலையே, இதைப் போய் வெளியில சொன்னா பதிவேடே பொய்னு ஆகிடும், விமானமும் போச்சு உன் லைசென்ஸும் போச்சுன்னார். உண்மையைச் சொல்றேன், நானும் அவர் கட்சிதான் பேசினேன். வலியப் போய் சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்குவாங்களான்னு கேட்டேன். விமானம் அண்ணன் கைக்கு வந்துடணும்னு அந்த நிமிஷமும் எனக்கு ஆசை விடலை. வெட்கமாத்தான் இருக்கு.

அண்ணன் எங்க ரெண்டு பேரையும் பார்த்துச் சொன்னார்: "அதே கம்பெனியில இதே மாதிரி இன்னும் மூணு இருந்துச்சு. வித்துட்டாங்க. மூணும் இன்னைக்குப் பறந்துக்கிட்டு இருக்கு, ஆளுங்களை ஏத்திக்கிட்டு. அதுலயும் என் கையெழுத்துதான்."

கேப்டன் தொப்பியை எடுத்துக்கிட்டுப் போயிட்டார்.

அண்ணி ஒரு வார்த்தையாவது திட்டுவாங்கன்னு நினைச்சேன். ஆரம்பத்துலயே வேண்டாம்னவங்க ஆச்சே. எல்லாத்தையும் கேட்டுட்டு மேஜையைத் துடைச்சு, காகிதமும் பேனாவும் கொண்டு வந்து வெச்சாங்க. "எழுதுங்க"ன்னாங்க.

விமானத்துறை ஆபீசுக்கு ஒண்ணு, மூணு விமானத்தை வாங்கினவங்களுக்கு ஒவ்வொண்ணு. நாலு கடிதத்துலயும் ஒரே விஷயம்: திறந்து பார்த்தேன்னு எழுதியிருக்கேன், திறக்கலை, உடனே திறந்து பாருங்க. சாக்குப் போக்கு ஒரு வரி இல்லை. பத்து நாள்ல ஆபீசுல இருந்து ஆள் வந்து லைசென்ஸை வாங்கிக்கிட்டுப் போனார். பழைய விமானம் எடைக்குப் போச்சு. வெட்டி ஏத்தினப்ப அண்ணன் போய்ப் பார்க்கலை. கூட வேலை பார்த்தவங்க ரோட்டுல பார்த்தா வேற பக்கம் திரும்பிக்கிட்டாங்க. கண்ணாடி விட்டுப் பார்த்தது அவர் மட்டுமா என்ன.

ரெண்டு விமானத்தைத் திறந்து பார்த்ததுல பழுது இல்லைன்னு தகவல் வந்துச்சு. மூணாவது பத்தி ஒரு மாசம் பேச்சு மூச்சு இல்லை. அண்ணன் சாப்பாட்டுல கை வெக்கறதும் எழுந்து போறதுமா இருந்தார்.

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் போன் வந்துச்சு. நானும் அங்கேதான் இருந்தேன். பேசினவர் யாரோ முன்னப்பின்ன தெரியாத ஒரு மெக்கானிக், இளம் குரல். மூணாவது விமானத்துல அந்தச் சட்டம் பாதிக்கு மேல விரிசல் விட்டிருக்குன்னார். முந்தின நாள் வரைக்கும் தினம் நாலு தடவை பறந்துச்சாம், சீட்டு காலி இல்லாம. அவர் நன்றி சொல்லலை, திட்டவும் இல்லை. எங்க எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒண்ணே ஒண்ணு கேட்டார்.

"சார், நீங்க திறக்காம கையெழுத்துப் போட்டது வேற எங்கெல்லாம் இருக்கு?"

அண்ணன் யோசிச்சுச் சொல்றேன் தம்பின்னார். வெச்சுட்டு வந்து மேஜையில உட்கார்ந்து, ஒரு காகிதத்தை எடுத்து ஒண்ணுன்னு நம்பர் போட்டார். வேலைக்குச் சேர்ந்த வருஷத்துல இருந்து ஆரம்பிச்சார். அண்ணி விளக்கைப் போட்டப்ப ஏழாவது வருஷத்துல இருந்தார்.