சவிரிமுத்து கவிழ்த்த கஷாயம்

1962 ஓகஸ்ட் 14, செவ்வாய்க்கிழமை, காலை ஏழே கால். அன்று கிளையில் ஒட்டி வளரும் குருவிச்சையை வெட்ட வேண்டிய மாமரங்கள் பதினொன்று. முதலாவது மரத்தில் ஏணியைச் சாத்திக்கொண்டு நின்றேன். முல்லைத்தீவுப் பக்கமிருந்து கிளிநொச்சிச் சந்தைக்கு மீன் ஏற்றி வரும் லொறிக்காரர் வண்டியை நிறுத்தி, "தம்பி, உங்கட சவிரிமுத்து முடிஞ்சுபோனார்" என்றார். செங்கமாரி, மஞ்சள் காமாலை முற்றியது. முள்ளிவாய்க்காலில், தாயின் வீட்டில். மீன் பழுதாகிவிடும் என்று அவர் போய்விட்டார். நான் பதினொரு மரத்தையும் வெட்டிவிட்டுத்தான் புறப்பட்டேன். வேறு என்ன செய்வதென்று தோன்றவில்லை.

அவரும் நானும் ஒரே விவசாயப் பாடசாலையில் படித்தவர்கள். ஒரே குடியேற்றத் திட்டத்தில் போதனாசிரியர்கள், ஒரே விடுதியில் அடுத்தடுத்த கட்டில்கள். இதை வாசிக்கும் திட்டத்து ஆட்களான உங்களுக்கும் அவரைத் தெரியும். ஆகவே புகழப் போவதில்லை.

குருவிச்சையை நான் ஒட்டுண்ணி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவேன். அவர் விடமாட்டார். "அது அரைக் கள்ளன், ஐசே. சோறு தானே சமைக்குது. தண்ணிதான் களவு" என்பார். அதன் விதை பசைபோல ஒட்டும். பழம் தின்ற சின்னக் குருவி பின்புறத்தைக் கிளையில் தேய்த்துத்தான் அதைக் கழற்ற வேண்டும். தேய்த்த இடத்திலேயே முளைத்து, மரத்துக்குள் வேரை இறக்கிவிடும். அதனால் ஒட்டுக்கு ஒரு சாண் கீழே, தாய்மரக் கிளையோடு சேர்த்து வெட்ட வேண்டும் என்பது அவர் பிடிவாதம். எனக்கு அது நேரச் செலவு. "உள்ளுக்குள்ள ஓடினதை விட்டிட்டு இலையைச் சிரைச்சு என்ன காணப்போறாய்?" என்று கேட்பார்.

இன்னொரு காரணமும் அவரிடம் இருந்தது. எந்த மரத்தில் நின்றாலும் குருவிச்சையின் இலை ஒன்றுதான். கூடவே வரும் அந்தத் துண்டுதான் அது எந்த மரத்தது என்று சொல்லும். நம் சனம் அதை அரைத்து முறிவுக்குக் கட்டுகிறது, பெண்களுக்குக் கஷாயம் வைக்கிறது. நட்சத்திரம் பார்த்து, ஈரத் துணியோடு போய் எடுக்கிறது. மரத்துக்கு மரம் குணம் வேறு என்கிறது. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. காஞ்சூரையில், அதுதான் எட்டி மரத்தில், நின்றது அந்த மரத்தின் நஞ்சையும் உறிஞ்சியிருக்கும், சனம் சொல்வதில் பாதி சரி என்றார்.

இரண்டு வருடத்துக்கு முன் நடந்த பொது வெட்டு உங்களுக்கு நினைவிருக்கும். காட்டு மரங்களில் விட்டால் குருவி திரும்பக் கொண்டுவரும் என்பதால் குளக்கட்டில் நின்ற புளி, காஞ்சூரை எல்லாவற்றிலும் வெட்டினோம். வண்டிக்குப் பாரம் குறையட்டும், தடி விறகுக்கு ஆகட்டும் என்று ஆட்கள் தாய்மரத் துண்டுகளைத் தறித்துவிட்டு இலையை மட்டும் கொண்டுவந்து குவித்தார்கள். கந்தையா அண்ணையின் மனைவி அன்னலட்சுமி அக்காவுக்குப் பல வருடமாகப் பிள்ளையில்லை. புளியமரத்துக் குருவிச்சையில் கஷாயம் வைக்கும்படி வைத்தியர் சொல்லியிருந்தார். அது புளியில் வெட்டியது என்று யாரோ சொல்ல, கந்தையா அண்ணை குவியலில் ஒரு கட்டு இலை எடுத்துப் போனார்.

அந்த வண்டி காஞ்சூரையும் நின்ற குளக்கட்டிலிருந்து வந்தது என்று சவிரிமுத்துவுக்கு அரை மணி கழித்துத்தான் உறைத்தது. சைக்கிளை எடுத்தார். நான் பின்னால் போனேன். குசினியில் அக்கா கஷாயத்தை வடித்துக்கொண்டிருந்தா. அவர் ஒன்றும் கேட்கவில்லை. பானையையும் கிண்ணத்தையும் முற்றத்தில் கவிழ்த்தார். நல்ல நாள் பார்த்து வைத்த மருந்தைச் சிலுவை கும்பிடும் வேதக்காரன் வந்து கொட்டிவிட்டான் என்று கந்தையா அண்ணை மண்வெட்டியைத் தூக்கினார்.

விடுதிக்கு வந்து நான்தான் சண்டை பிடித்தேன். ஒரு கிண்ணத்தையாவது சோதனைக்கு வைத்திருக்கலாமே, எதை வைத்து நிரூபிக்கப் போகிறாய் என்றேன். "நிரூபிச்சுப்போட்டு ஊத்துறதெண்டா அவ உயிரோட இருக்கவேணுமே" என்றுவிட்டுப் படுத்துக்கொண்டார்.

அதன் பிறகும் அக்காவுக்குப் பிள்ளை இல்லை. அவருக்குப் "பிள்ளையை ஊத்தினவர்" என்று பெயர் வந்தது. உங்களில் சிலரும் சொன்னீர்கள். என் காதால் கேட்டேன். அவர் கந்தையா அண்ணையின் வளவைச் சுற்றி, தூர வழியாக வேலைக்குப் போய்வந்தார். அவ்வளவுதான்.

செத்த வீட்டுக்கு அக்கா பஸ்ஸில் வந்திருந்தா. கந்தையா அண்ணையும் வந்தார். வாசல் படலைக்கு உள்ளே வரவில்லை. அக்கா என்னைத் தனியே கூப்பிட்டு, "தம்பி, அவர் ஊத்தினது மருந்தோ நஞ்சோ எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. தெரிஞ்சாக் கொஞ்சம் நித்திரை வரும்" என்றா. எனக்கும் தெரியாது.

கிளை அரியும் அவருடைய சின்ன வாளை அவர் தாய் என்னிடம் தந்தார். ஒரு சாண் கீழே வெட்டும் பழக்கத்தையும் எடுத்துக்கொண்டேன். அது எனக்கு இன்னும் எரிச்சல்தான். இனிச் செய்ய வேண்டியவை:

1. குளக்கட்டுக்குப் போய், காஞ்சூரையில் நிற்பதையும் புளியில் நிற்பதையும் தாய்மரத் துண்டோடு வெட்டி, தனித்தனிச் சாக்கில் ஆய்வுகூடத்துக்கு அனுப்புவது.

2. பொதுக் குவியலை நிறுத்துவது. அவரவர் வளவிலேயே எரிக்கட்டும்.

3. முடிவு வந்ததும் முதலில் அன்னலட்சுமி அக்காவிடம் போவது. காஞ்சூரைக் குருவிச்சையில் நஞ்சு உண்டா இல்லையா என்று அது சொல்லும். அன்று பானையில் கொதித்தது எந்த மரத்தது என்று சொல்லாது. இரண்டையும் ஒளிக்காமல் சொல்வது. படலையில் கந்தையா அண்ணை நின்றால், அவருக்கும்.