ரிவர் சைடு கழகத்தோடு அடையாற்றுக்கு

மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், காலை உணவை முடித்துக்கொண்டு மயிலாப்பூரிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குக் கிளம்பினேன். கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் தமிழ் கற்பிப்பவன் நான். தேர்வுத் தாள் திருத்துவதற்காகச் சென்னைக்கு வந்து, கல்லூரித் தோழர் சேஷாத்ரியின் வீட்டில் தங்கியிருந்தேன். தாள்கள் முந்தின நாளே முடிந்துவிட்டன. ஊருக்கு வண்டி ஏறுவதற்கு ஒருநாள் எஞ்சியிருந்தது. நாளிதழின் மூலையில், ரிவர் சைடு கழகம் அன்று அடையாற்றில் உதைபந்து ஆடுகிறது என்று இரண்டு வரிச் செய்தி இருந்தது. அதைக் காட்டி, போய்வரப் போகிறேன் என்றேன்.

"ரிவர் சைடா? அது இன்னும் இருக்கா?" என்றார் சேஷாத்ரி. "நாம படிக்கறச்சே பாத்ததோன்னோ."

லீகின் மூன்றாம் பிரிவில் இருக்கிறதாம் என்றேன்.

"ஓஹோ. அதான் துக்கம் விசாரிக்கப் போறவா மாதிரி வேஷ்டி கட்டிண்டு கிளம்பிண்டிருக்கேள். ராத்திரி ஆத்துல சாப்பாடு உண்டு. சீக்கிரம் வந்து சேருங்கோ."

குளக்கரையில் டிராம் ஏறினேன். கட்டணம் ஓரணா. போர் முடிந்தும் பெட்ரோல் முடை தீரவில்லை. ஆகவே இராயப்பேட்டை நெடுஞ்சாலையில் மோட்டார்களைவிட மாடுகளே மிகுதி. வண்டி மணியடித்து மணியடித்து அவற்றிடம் வழி கேட்டுக்கொண்டு சென்றது. மௌண்ட் ரோட்டை அடைந்ததும் இறங்கி நடந்தேன். கூவத்தின் பாலத்தைக் கடந்தால் சிந்தாதிரிப்பேட்டை.

நான் மாணவனாக இருந்த நாளில் ரிவர் சைடு கழகத்தை வெல்லும் கழகம் இந்நகரில் அரிது. ஆற்றுக்கு அக்கரையில் உள்ள பெருந்திடலில் அவர்கள் ஆடும்போது மரக்கிளைகளிலும் ஆட்கள் இருப்பார்கள். ஆட்டத்தைவிட என் நெஞ்சில் நின்றது அதன் தொடக்கம். நடுவர் காசைச் சுண்ட வந்தால் ரிவர் சைடு தலைவர் வேண்டாம் என்று கையசைத்துவிட்டு, எதிரணித் தலைவரிடம், "எந்தப் பக்கம் வேணும்?" என்று கேட்பார். எதிரி விரும்பிய பக்கத்தை எடுத்துக்கொள்வான். எஞ்சிய பக்கத்தில் நின்று இவர்கள் வெல்வார்கள். அக்கேள்வி காதில் விழுந்தவுடன் திடல் முழுவதும் கைதட்டும்.

கழகத்தின் அறை, ஒரு காகிதக் கடையின் மாடியில் இருந்தது. கடைக்காரரான வரதராஜுலுவே கழகத்தின் செயலாளர். தடித்த உடலும் மெல்லிய குரலும் உடையவர். கும்பகோணத்திலிருந்து ஆட்டம் காண வந்தவன் என்று சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்கள பாக்கவா? வேணும்னே வந்தீங்களா?"

அறையில் இருந்த இளைஞர்கள் சிரித்தனர். "குந்து வாத்தியாரே," என்று ஒருவர் பெட்டியொன்றைத் தள்ளினார். "எங்க வூட்லயே யாரும் வர்றதில்ல."

அவர்தாம் தலைவர் கரீம். தகரப் பெட்டி செய்வது தொழில், நாற்பதை நெருங்கியவர். நான் மாணவனாகப் பார்த்த அணியில் எல்லாரினும் இளையவராக ஆடியவர் அவர். அவ்வணியில் இன்றும் ஆடுகிறவர் அவர் ஒருவரே. கணுக்காலில் துணிப்பட்டையைச் சுற்றிக்கொண்டே பேசினார். அக்கழகத்தில் பூட்ஸ் அணிவார் எவரும் இல்லை.

பகல் ஒன்றரை மணிக்கு எல்லாரும் டிராம் ஏறினோம். கழகத்தின் வீழ்ச்சியை வரதராஜுலு எனக்கு வழியை வைத்தே விளக்கினார். முதற் பிரிவில் இருந்தபோது திடல் நடை தொலைவில் இருந்தது. இரண்டாம் பிரிவுக்கு இறங்கியபோது ஆட்டங்கள் மயிலாப்பூருக்கு மாறின. அதற்கு டிராம் வேண்டும். மூன்றாம் பிரிவுக்கு அடையாறு. அங்கே டிராமும் செல்லாது.

"எறங்க எறங்க தெக்கால போய்க்கினே கீறோம் சார்," என்றார். "இன்னைக்குத் தோத்தா போறதுக்கு எடமே இல்ல. மூணுக்குக் கீழ நாலு கெடையாது."

இதன் பொருளையும் அவரே சொன்னார். மூன்றாம் பிரிவில் கடைசியாக நிற்கும் கழகம் லீகிலிருந்து நீக்கப்படும். அவ்விடத்துக்குப் புதிய கழகங்கள் காத்திருக்கின்றன. ஆடுவதற்கு ஆட்டமில்லாத கழகத்தில் யார் நிற்பார்கள்? இளைஞர்கள் வேறு கழகங்களுக்குப் போய்விடுவர்; கரீமை எந்தக் கழகமும் அழைக்காது. இன்று வென்றாலும், சமன் செய்தாலும் கூட, நிலைக்கலாம். எதிரணி, ஊரூர்க் குப்பத்து மீனவர் கழகம்.

இராயப்பேட்டை மணிக்கூண்டைத் தாண்டியபின் செயலாளர் தலைவரின் பக்கம் சாய்ந்தார்.

"கரீம், இன்னைக்கு ஒரு நாளு காசு போட்டுக்கலாம்பா. கடலோரம். காத்து எந்தப் பக்கமோ அந்தப் பக்கந்தான் ஆட்டம். அவங்க காத்துலயே பொழைக்கிறவங்க. அவங்கிட்ட போயி எந்தப் பக்கம் வேணும்னு கேப்பியா?"

"எப்பவும் கேக்கறது தான நைனா."

"பெரிய ஆளா இருந்தப்ப கேட்டோம். கொடுத்தா அழகா இருந்துச்சு. இப்ப நாம யாரு கொடுக்கிறதுக்கு?"

கரீம் வண்டி குளக்கரையில் நிற்கும்வரை சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கும்போது, "சரி, போட்டுக்கலாம்," என்றார்.

மயிலாப்பூரிலிருந்து திடலுக்கு ஏறக்குறைய மூன்று மைல். ஜட்காக்காரன் ஒருவன் ஒரு ரூபாய் கேட்டான். பந்தையும் செயலாளரையும் மட்டும் ஏற்றிவிட்டு நாங்கள் நடந்தோம். "இதான் வாத்தியாரே எங்க பிராக்டீசு," என்றான் இலக்குக் காக்கும் இளைஞன் ஒருவன். அவன் பெயர் மாணிக்கம், அச்சுக்கூடத்தில் வேலை. சாந்தோமைக் கடந்தபின் வீடுகள் தோட்டங்களாகவும், தோட்டங்கள் தோப்புகளாகவும் மாறின. அடையாற்றுப் பாலத்தின்மேல் சற்று நின்றோம். கீழே கழிமுகம் தகடு போல் அசைவற்றுக் கிடந்தது. மணல் திட்டில் நாரைகள் நின்றன. கடற்காற்று அப்போதுதான் எழத் தொடங்கியிருந்தது.

சவுக்குத் தோப்புக்கும் குப்பத்துக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான வெளியே திடல். இலக்குக் கம்பங்கள் ஒன்று கிழக்கே கடலை ஒட்டியும், மற்றொன்று மேற்கே தோப்பை ஒட்டியும் நாட்டப்பட்டிருந்தன. கோட்டோரத்தில் கட்டுமரங்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. பெண்கள் அவற்றின்மேல் கூடைகளோடு அமர்ந்திருந்தனர். நான் எதிர்பார்த்ததற்கு மாறாகக் கூட்டம் பெரிது.

நான்கரை மணிக்கு நடுவர் தலைவர்களை அழைத்தார். குப்பத்துத் தலைவன் எட்டியப்பன் இருபத்தைந்து வயதினன். கடலில் வலித்துத் திரண்ட தோள். நடுவர் காசை எடுத்தார். கரீம் கையசைக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு, "போடுங்க சார்," என்றார்.

எட்டியப்பன் நகரவில்லை.

"இன்னாண்ணே, காசு போடச் சொல்றே?"

"ஆமாப்பா. எல்லாரும் போடறது தான."

"நீங்க போட மாட்டீங்களே. எங்க சித்தப்பன் இங்கேர்ந்து நடந்தே போயி உங்க ஆட்டம் பாத்துக்கீறாரு. ரிவர் சைடு காசு போடாது, நம்மள கேக்கும்னு சொல்லிச் சொல்லி வளத்தாரு. தோ, அந்தக் கட்டுமரத்து மேல குந்திக்கினு கீறாரு. அதக் கேக்கத்தான் குப்பமே வந்துகீது. எங்களுக்கு மட்டும் இன்னா, காசா?"

கரீம் திரும்பிக் கோட்டோரத்தைப் பார்த்தார். செயலாளர் இரு கைகளாலும் வேண்டாம் என்று சைகை செய்துகொண்டிருந்தார். பெண்கள் பேச்சை நிறுத்தியிருந்தனர். கரீம் நடுவரின் கையிலிருந்த காசைத் தம் கையால் மூடிவிட்டு நிமிர்ந்தார்.

"எந்தப் பக்கம் வேணும்?"

கட்டுமரங்களின்மேல் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினர். பெருந்திடலில் கேட்ட அதே கைதட்டல் என்று எழுத விரும்புகிறேன். அதன் அளவு சிறிதுதான், எனினும் நெடுநேரம் நீடித்தது.

எட்டியப்பன் கடலை ஒருமுறை நோக்கிவிட்டு, "மேக்கால," என்றான்.

மேற்கே நிற்பவன் காற்றை எதிர்த்து ஆடவேண்டும். வரதராஜுலு என் தொடையைத் தட்டினார். "பையனுக்கு வெவரம் பத்தல சார். கரீமோட அல்லா நம்ம பக்கம் கீறாரு." நானும் அவ்வாறே நினைத்தேன்.

முதற் பாதியில் காற்று எங்களுக்குத் துணை. எங்களுக்கு என்றே எழுதுகிறேன். அதற்குள் நானும் கட்சி சேர்ந்துவிட்டேன். இருபது நிமிடங்களுக்குள் ரிவர் சைடு ஒரு கோல் போட்டது. ஆயினும் காற்று இன்னும் மெலிதாகவே இருந்ததால் அதற்குமேல் பயன் கிட்டவில்லை. பக்கம் மாறிய பின்னரே எட்டியப்பன் கணித்தது விளங்கிற்று. மாலைக் கடற்காற்று வலுத்து, சவுக்குகள் ஒரே திசையில் வளைந்தன. மாணிக்கம் உயர உதைத்த பந்து நடுவெளியை எட்டுமுன் நின்று, பின்வாங்கி, அவன் எதிரேயே வந்து விழுந்தது. கட்டுமரத்திலிருந்து ஒரு கிழவி, "டேய், அத்த வூட்டுக்கே எட்த்துக்கினு போ," என்றாள்.

கரீம் பந்தை மண்ணோடு மண்ணாக உருட்டி ஆடச்சொல்லித் தம் ஆட்களை அடக்கினார். தாமே மூன்று பேர் வேலையைச் செய்தார். குப்பத்தார் ஒன்று போட்டுச் சமன் செய்தனர். அதோடு நின்றாலும் கழகம் பிழைக்கும். முடிவுக்குச் சில நிமிடங்கள் இருந்தபோது எட்டியப்பன் தொலைவிலிருந்து ஒரு பந்தை ஓங்கி உதைத்தான். கரீம் அதன் வழியைச் சரியாகவே கணித்துத் தாவினார். காற்று அதை ஒரு சாண் உயர்த்தியது. அவர் தலைக்கு மேலாகச் சென்று வலது கம்பத்தை ஒட்டி உள்ளே நுழைந்தது.

நடுவர் ஊதியபின் ரிவர் சைடார் மணலில் உட்கார்ந்துவிட்டனர். எட்டியப்பன் வந்து கரீமின் எதிரே குத்துக்காலிட்டு அமர்ந்தான்.

"மனசுல வெச்சுக்காதண்ணே."

"காத்து ஏறும்னு தெரிஞ்சு தான எடுத்தே?"

"ஆமா."

"பின்ன. கொடுத்தா எடுக்கணும்," என்றார் கரீம். "அரைகுறையா எடுத்திருந்தா தான் கோவம் வந்திருக்கும்."

அவர்கள் எங்களுக்கு வறுத்த மீனும் தேநீரும் கொடுத்தனர். மரக்கறியாளனான எனக்குத் தேநீர் இரண்டு குவளை கிடைத்தது. சித்தப்பர் என்பவர் வந்து கரீமின் கையைப் பற்றிக்கொண்டு பழைய ஆட்டம் ஒன்றைப் பற்றிப் பேசினார். அதில் கரீம் ஆடவே இல்லை. கரீம் அதைத் திருத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

பொழுது சாய்ந்தபின் மயிலாப்பூருக்குத் திரும்பினோம். என் தங்குமிடம் குளக்கரைக்கு அருகில்தான். எனினும் இறங்கி விடைபெற மனம் வராமல், மறுபடியும் ஓரணா கொடுத்து அவர்களோடு மௌண்ட் ரோடு வரை சென்றேன். பந்தை மடியில் வைத்திருந்த வரதராஜுலுதான் கடைசியில் வாய் திறந்தார்.

"அவன் மட்டும் காச ஒத்துக்கினு இருந்தா, கெயக்காலயோ மேக்காலயோ, பாதிக்குப் பாதி. பொழச்சிருப்போம்."

"பொழச்சிருப்போம் நைனா," என்றார் கரீம். கணுக்காலின் துணிப்பட்டையை அவிழ்த்துச் சீராகச் சுருட்டிக்கொண்டிருந்தார். "ஆனா நான் காசு கேட்டவன் தான. அவன் ஒத்துக்கினு இருந்தா, காசு கேட்டவனாவே வூடு போயிருப்பேன்."

அவர் சிரித்ததை அன்று அப்போதுதான் பார்த்தேன். பட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பாலத்தின் அருகே அவர்கள் இறங்கித் தங்கள் தெருக்களுக்குள் பிரிந்து சென்றனர்.

மறுநாள் கும்பகோணத்துக்கு வண்டி ஏறினேன். எங்கள் பள்ளித் திடலில் காற்று எப்போதும் ஒன்றுபோலவே வீசும்; எந்தப் பக்கம் எடுத்தாலும் வேறுபாடில்லை. எனினும் ஆட்டம் தொடங்குமுன் பிள்ளைகள் காசின்மேல் குனிவதைக் காணும்போதெல்லாம், கரீம் அதை உள்ளங்கையால் மூடியதும், அதன்பின் நிமிர்ந்ததும் என் கண்முன் வருகின்றன.